தோளில் கிடந்த துண்டு

1980-ஆம் வருஷ ஆரம்பத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்திருந்தார். எனக்கு 15 வயது. எங்கள் பாக்ஸிங் வாத்தியார் எங்கள் ஆறு பேரையும் ராயபுரத்திலிருந்து நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தைய காலம். அதைத் தாண்டி நேரு ஸ்டேடியத்துக்குள் நுழைந்தால் நிற்க இடமில்லை. ஒருவன் தோள்மேல் இன்னொருவன் ஏறி, முறை வைத்துப் பார்த்தோம். தூரத்தில் கயிறு கட்டிய மேடை. அதில் அவர்.

நான் பார்த்தது ஓய்வு பெற்றுவிட்ட ஒரு மனிதரை என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை. அவருக்கு 38 வயது. இடுப்பில் சதை போட்டிருந்தது. 1978 செப்டம்பரில் லியான் ஸ்பிங்க்ஸை ஜெயித்து மூன்றாவது முறையாக ஹெவிவெயிட் பட்டம் வாங்கியவர், அடுத்த வருஷமே போதும் என்று அறிவித்துவிட்டு ஊர் ஊராகக் காட்சிப் போட்டி ஆடிக்கொண்டிருந்தார். எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். நிஜமாக யாரும் யாரையும் அடிக்கவில்லை. முடிந்து மணி அடித்த பிறகும் எங்கள் பக்கத்துக் கூட்டம் நகரவில்லை. "இன்னொரு ரவுண்டு! இன்னொரு ரவுண்டு!" என்று கத்தினோம். எனக்குத் தொண்டை கட்டி, மூன்று நாள் பேச்சு வரவில்லை.

அந்தக் கூச்சல் எனக்குள் எவ்வளவு காலம் தங்கியிருந்தது, ஒரு பையனை அது என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இருபது வருஷம் ஒரே ஒரு டாக்டரைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம்.

வடசென்னையில் பாக்ஸிங் எங்களுக்கு விளையாட்டு மட்டுமல்ல. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்து மோதிய காலத்தின் கடைசிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 'ரோசமான குத்துச்சண்டை' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்கள். அந்த 'ரோசம்' என்ற சொல்லைத்தான் வாத்தியாரும் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தார், அப்புறம்தான் கால் வைக்கும் முறை. உதடு கிழிந்து வீட்டுக்குப் போனால் அம்மா அழுவாள், அப்பா சிரிப்பார். மயங்கி விழுந்து எழுந்தவனுக்கு மரியாதை கூடும். நான் மாநில அளவில் ஒரு வெள்ளி வாங்கினேன், அதோடு நின்றுபோனேன். ஹார்பரில் வேலை கிடைத்தது. வாத்தியார் காலமான பிறகு அவருடைய பையன்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் சாயங்காலங்களில் நானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பையன் என்னிடம் வந்தபோது அவனுக்கு 13 வயது. பெயர் வேண்டாம். அவன் அம்மா தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருந்தார். விடிகாலையில் மாவுக் குண்டானைத் தூக்கி வந்து வைத்துவிட்டுத்தான் ஓட வருவான். இடது கை அப்படியொரு கை. நீ எங்கே நகரப்போகிறாய் என்பது உனக்குத் தெரிவதற்கு முன் அதற்குத் தெரிந்திருக்கும். 19 வயதில் 60 கிலோ பிரிவில் அவனை எதிர்த்து நிற்க எங்கள் வட்டாரத்தில் ஆளில்லை. மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம் வாங்கிவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை நிச்சயம் என்று நான்தான் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் சொல்லியிருந்தேன். எங்கள் தெருக்களில் ஒரு குடும்பம் தலைநிமிர அந்த ஒரு வழிதான் கண்ணில் பட்டது.

1996 ஜூலை 20, சனிக்கிழமை காலை. அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழா டிவியில் வந்தது. பையன்கள் எல்லோரும் என் வீட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜோதியை யார் ஏற்றப்போகிறார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைத்திருந்தார்கள். நீச்சல் வீராங்கனை ஜேனட் எவன்ஸ் ஓடி வந்தார். வெள்ளை உடையில், மேலே, அலி. முகத்தில் அசைவில்லை. வலது கையில் தீவட்டி. இடது கை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. தீ அவர் கைப்பக்கமே வந்தபோது என் மனைவி "ஐயோ" என்று எழுந்துவிட்டாள். நான் அழுதேன். பையன்கள் முன்னால் நான் அழுதது அன்றுதான். "எப்பேர்ப்பட்ட மனுஷன் தெரியுமாடா" என்று அவர் கதையைச் சொன்னேன். 1960-ல் ரோமில் தங்கம், 1964-ல் 22 வயதில் லிஸ்டனை ஜெயித்தது, வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று 1967-ல் மறுத்துப் பட்டத்தையும் நல்ல வயதில் மூன்றரை வருஷத்தையும் இழந்தது, 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று ஃபோர்மேனின் அடியையெல்லாம் வாங்கி எட்டாவது ரவுண்டில் அவரைச் சாய்த்தது. அவ்வளவையும் சொன்ன நான், அந்தக் கை ஏன் நடுங்குகிறது என்று அந்தப் பையன் கேட்டபோது, "அது வியாதிடா" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மாநிலப் போட்டி. அதற்கு எட்டு நாள் முன்னால் பயிற்சியில் அவனைவிட பத்து கிலோ கூடின ஒருவனோடு அவனை இறக்கினேன். வேகத்துக்குப் பழகட்டும் என்று. காதுக்குப் பின்னால் ஒரு அடி. அவன் விழவில்லை. மெல்ல உட்கார்ந்தான், நாற்காலியில் உட்காருகிறவன் மாதிரி. மறுநாள் காலை ஓட வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, தலைக்குள்ள இன்னாமோ ரொய்யுனு கேட்டுனே கீதுணா. ராத்திரி ரெண்டு தபா வாந்தி."

ஒரு தலைவலி மாத்திரை கொடுத்தேன். இரண்டு நாள் ஓடாதே, தூங்கு என்றேன். போட்டியில் இப்படி அடி வாங்கியிருந்தால் அது அவனுடைய பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கும், நாலு வாரமாவது வளையத்துக்குள் கால் வைக்க விட்டிருக்க மாட்டார்கள். பயிற்சியில் வாங்கிய அடிக்குப் புத்தகம் கிடையாது. நான்தான் புத்தகம்.

எடை பார்த்த பிறகு டாக்டர் பரிசோதனை. வரிசையில் அவன் பின்னால் நான் நின்றிருந்தேன். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். சமீபத்தில் தலையில் அடி, மயக்கம், வாந்தி ஏதாவது உண்டா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. பையன் பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயமில்லை, என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை, அவ்வளவுதான். ஆறு வருஷமாக நான் சொன்னதைச் செய்தவன். "ஒண்ணுமில்ல டாக்டர், பையன் நல்லா இருக்கான்" என்றேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

முதல் ரவுண்டு முழுக்க அவனுடையது. இரண்டாவதில் ஒரு வலது கை அவன் தாடையில் இறங்கியது. நடுவர் எட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் கையைத் தூக்கிக் காட்டினான், தொடர்ந்தார்கள். மணி அடித்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். ஒரு நிமிஷம் இருந்தது. வாயில் தண்ணீர் ஊற்றி, துப்பு என்று வாளியை நீட்டினேன். அவன் துப்பினான். வாளியில் விழவில்லை, அவன் நெஞ்சிலேயே வழிந்தது. வாளி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அது அவனுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

எறிந்தால் ஆட்டத்தை நிறுத்துகிற துண்டு என் தோளில் கிடந்தது. அதை எடுத்தேன். அதனால் அவன் நெஞ்சைத் துடைத்தேன். "இன்னொரு ரவுண்டுதான்டா" என்றேன்.

அவன் ஜெயித்தான். அதைச் சொல்லும்போதுதான் இன்றைக்கும் என் குரல் இடறுகிறது. மூன்றாவது ரவுண்டில் அந்த இடது கை மட்டும் தானாக வேலை செய்தது. நடுவர் அவன் கையைத் தூக்கினார். உடை மாற்றும் அறையில் ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான்.

மண்டையைத் திறந்து உறைந்திருந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் முழுசாகத் திரும்பவில்லை. பேச்சு இழுத்து இழுத்து வரும். பதக்கம் அவன் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேலை கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அறுவை செய்த டாக்டர், இதற்கு முன்னால் அடி ஏதும் உண்டா என்று கேட்டபோது தனியாக அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் விதி என்றார்கள். நானும் தலையாட்டினேன். ராத்திரியெல்லாம் அவன்கூட இருந்தியே என்று அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதை ஏற்றுக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னிமாரா நூலகத்துக்குப் போய், கிடைத்த இங்கிலீஷ் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். 1928-லேயே நியூ ஜெர்சியில் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற டாக்டர், அடி வாங்கி வாங்கித் தள்ளாடும் பாக்ஸர்களைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைக்கவசம் புருவம் கிழியாமல் காப்பாற்றும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது என்பதும் அப்போதுதான். அந்தப் பையன் அன்று தலைக்கவசம் போட்டிருந்தான். அதை நம்பித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு அலியின் கடைசி வருஷங்களைத் தேடித் தேடிப் படித்தேன். 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸோடு 15 ரவுண்டு ஆடி ஜெயித்த பிறகு, அவரோடு பல வருஷம் இருந்த டாக்டர் ஃபெர்டி பச்சேகோ சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இனி ஆடக்கூடாது என்று அலிக்கும் மனைவிக்கும் பயிற்சியாளருக்கும் மேனேஜருக்கும் கடிதம் அனுப்பினார். யாரிடமிருந்தும் பதில் இல்லை. அவர் விலகிக்கொண்டார். 1980-ல், மெட்ராஸில் நான் பார்த்த அதே வருஷம், பெயர்பெற்ற ஒரு மருத்துவமனையில் அலியைப் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கு நுனியைத் தொடச் சொன்னபோது குறி லேசாகத் தப்பியது. ஒற்றைக் காலில் தத்துவதில் பழைய துடிப்பு இல்லை. அது அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. படித்தவர்கள் படித்துவிட்டுத்தான் லைசென்ஸ் கொடுத்தார்கள். விரல் மூக்கைத் தவறியது என்ற வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். எனக்கு வாளி ஞாபகம் வந்தது.

1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். எதிரே லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்கே பயிற்சித் துணையாக நின்றவர். உடம்பு இளைத்து, முடி கறுத்து, பார்க்க அலி பழைய அலி போலவே இருந்தார். அடி மட்டும் வரவில்லை. 10 ரவுண்டு நின்று வாங்கினார். அதோடு போதும் என்று அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நடுவரிடம் சொன்னார். கூடவே இருந்த பண்டினி பிரௌன் டண்டியின் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்னும் ஒரு ரவுண்டு விடு என்று கெஞ்சினார். அலியை உயிராக நேசித்தவர் அவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டேடியத்தில் தொண்டை கட்டக் கத்திய பையனும் நேசித்துத்தான் கத்தினான். ஜெயித்த ஹோம்ஸ், பிறகு அலியின் அறைக்குப் போய் அழுதார்.

அப்போதும் நிற்கவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு ஒரு ஆட்டம். ரவுண்டு மணிக்குப் பதிலாக மாட்டுக் கழுத்து மணியை அடித்தார்கள். அங்கேயும் தோற்ற பிறகுதான் நிஜமான ஓய்வு. மொத்தம் 61 ஆட்டத்தில் 56 வெற்றி, 5 தோல்வி. கடைசி நாலு ஆட்டத்தில் மூன்று தோல்வி. 1984-ல் பார்க்கின்சன் அறிகுறிகள் என்று சொல்லிவிட்டார்கள். அது அடியால் வந்ததா, அடி இல்லாமலே வந்திருக்குமா என்று டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. எனக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. அந்தக் கடைசி இரண்டு ஆட்டங்கள் தேவையே இல்லை என்பதில் எந்த டாக்டரும் மாறுபடமாட்டார்.

ஜிம்மி எல்லிஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்று மேடையில் நாங்கள் யாரும் பார்க்காத ஆள். லூயிவில்லில் அலியோடு சேர்ந்து வளர்ந்தவர். அலியிடமிருந்து பிடுங்கிய பட்டத்துக்கு நடந்த போட்டியில் ஜெயித்து 1968-ல் ஒரு பாதிப் பட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர். 1970 பிப்ரவரியில் எதிரே ஆடிய ஃப்ரேசியர் நாலாவது ரவுண்டில் அவரை இரண்டு முறை கீழே தள்ளியபோது, ஐந்தாவதுக்கு எழுந்து போகவிடாமல் நிறுத்தியவர், அவருக்கும் பயிற்சியாளராக இருந்த அதே டண்டிதான். நாலாவதிலேயே நிறுத்தத் தெரிந்த மனிதர், அலி என்று வந்தபோது பத்தாவது வரை காத்திருந்தார். இதை வைத்து டண்டியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெரிய ஆளை நிறுத்துவது கஷ்டம், அவ்வளவுதான். எல்லிஸுக்குப் பயிற்சியில் பட்ட அடியில் ஒரு கண் பார்வை கெட்டது. கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, மனைவி இறந்துவிட்டதே மனதில் நிற்காமல் போயிற்று என்று படித்தேன். 2014-ல் இறந்தார், 74 வயது. இரண்டு வருஷம் கழித்து அலியும் அதே 74-ல். நேரு ஸ்டேடியத்தில் நான் பார்த்த இரண்டு பேரும் அப்படித்தான் போனார்கள்.

இன்னொருவர் எடி ஃபட்ச். இளம் வயதில் ஜோ லூயிஸோடு பயிற்சி செய்தவர், இதயக் கோளாறால் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளர் ஆனவர். 1975 அக்டோபர் 1, மணிலா, அலிக்கும் ஃப்ரேசியருக்கும் ஆட்டம். ஃப்ரேசியரின் மூலையில் ஃபட்ச். வெக்கை. 14 ரவுண்டு முடிந்தது. ஃப்ரேசியருக்கு ஒரு கண் முழுக்க வீங்கி மூடிவிட்டது, மற்றக் கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கல். ஒரே ஒரு ரவுண்டுதான் பாக்கி. எதிர் மூலையில் அலியும் செத்த நிலைமையில்தான் இருந்தார். ஃப்ரேசியர் போகவேண்டும் என்று எழுந்தார். ஃபட்ச் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். அந்த ஒரு ரவுண்டைக் கொடுத்திருந்தால் ஜெயித்திருக்கவும் கூடும். அது தெரிந்தேதான் நிறுத்தினார். என் பையனுக்கும் ஒரே ஒரு ரவுண்டுதான் பாக்கி இருந்தது. அவனும் ஜெயித்தான்தான்.

2016 ஜூன் 4-ஆம் தேதி காலை அலி இறந்த செய்தி வந்தது. நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு அப்போது 39 வயது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கிக் காட்டினான். இடது கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அவன் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்து கிலோ கூடினவன், காதுக்குப் பின்னால் அடி, வாந்தி, டாக்டர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், வாளி, துண்டு.

அவர் முறத்தை நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து, "வாந்தி எடுத்தது எனக்குத் தெரியாதா தம்பி?" என்றார். "அவன் கொல்லையில குந்திக்கினு எடுத்தான். நாந்தான் தலையப் புடிச்சேன். வாத்தியாராண்ட போயி பெருசு பண்ணாத, வேல தவறிப்பூடும்னு சொன்னது நாந்தான். என்னை மீறித்தான் உன்னாண்ட சொல்லிக்கிறான்."

இரண்டு பேரும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. டிவியில் கின்ஷாசா ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றில் சாய்ந்து நின்று அடி வாங்குகிற அலி. அவன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, ரவுண்டை எண்ணுகிறான் என்று தெரிந்தது.

2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு எங்கள் பக்கம் பையன்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். நான் அதற்கு முன்பே மறுபடி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன், இப்போது கூடுதலாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பயிற்சியில் தலையில் யாருக்கு எங்கே அடி பட்டது, மறுநாள் தூக்கம் எப்படி, சாப்பாடு நின்றதா என்று தேதி போட்டு எழுதுவேன். அந்த நோட்டின் ஒரு பிரதி பிள்ளைகளின் வீட்டுக்குப் போகும். போட்டிக்குப் போனால் டாக்டர் மேஜையிலும் வைப்பேன். இதனால் சிலர் வேறு வாத்தியாரைத் தேடிப் போய்விட்டார்கள். போகட்டும்.

போன வருஷம் ஒரு போட்டியில் இரண்டாவது ரவுண்டு நடுவில் துண்டை எறிந்தேன். பையன் புள்ளியில் முன்னால் இருந்தான். ஒரு எட்டு எண்ணிக்கை ஆகியிருந்தது, அப்புறம் கால் ஒன்று பின்னால் வைக்கவேண்டிய இடத்தில் பக்கத்தில் வைத்தான். அது எனக்குப் போதும். அவன் கிளவுஸைக் கழற்றி என் காலடியில் போட்டான். அவன் அப்பா நாலு பேர் முன்னால் என்னைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டார். "ஜெயிக்கிற புள்ளைய இழுத்துட்டியே, உனக்கு இன்னா வந்துச்சு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவர்கள் வீட்டு வாசல் வரை போய், பையனைத் தூங்கவிட்டு இடையில் ஒரு முறை எழுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். கதவைத் திறந்த அவன் அம்மா சரி என்று தலையாட்டினார்.

அவன் அதற்குப் பிறகு வரவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். நடை நன்றாக இருக்கிறது, பேச்சு சுத்தமாக இருக்கிறது என்று அவன் நண்பர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறேன். அவனுடைய ஷூ எங்கள் கூடத்துச் சுவர் ஆணியில் தொங்குகிறது. கயிறு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு அவனே மாட்டியது. கூட்டுகிற நாளில் தூசு தட்டி, அதே ஆணியில் திரும்ப மாட்டிவிடுகிறேன்.